துணி இறக்கை ரேடியோ விமானம்: முதலில் துணி, அப்புறம்தான் டிரிம்

மலேசியாவின் பினாங்கில், நிபோங் திபால் பக்கம் நாங்கள் பறக்கவிடும் திடலுக்குப் போன மாதம் ஒரு தம்பி புது டெல்டா விமானத்தோடு வந்தான். ஐந்து முறை எறிந்தான். ஐந்து முறையும் அது இடப்பக்கம் சாய்ந்து புல்லில் இறங்கியது. ரிமோட்டில் வலப்பக்க டிரிம்மை (குச்சியைத் தொடாமலே விமானத்தை ஒரு பக்கம் திருப்பி வைக்கும் பொத்தான்) கடைசி வரை அழுத்தி வைத்திருந்தான். "இதுக்கு மேல போகல அண்ணே" என்றான்.

விமானத்தை வாங்கி இரண்டு இறக்கையையும் விரலால் சுண்டிப் பார்த்தேன். வலப்பக்கம் உறுமித் தோல் மாதிரி சத்தம் கொடுத்தது. இடப்பக்கம் சத்தமே இல்லை, துணி தொய்ந்து கிடந்தது. இடது நுனியில் துணியைக் கட்டும் நூலை அவிழ்த்து, இரண்டு மில்லிமீட்டர் இழுத்துக் கட்டினேன். டிரிம்மைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, "இப்ப எறி" என்றேன். நேராகப் போனது.

துணி இறக்கை கட்டுகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். தொய்ந்த பக்கம் காற்றில் அதிகமாக உப்பி, பின்விளிம்பு மேலே எழும்பும். அந்தப் பக்கத்துத் தூக்குவிசை குறையும். விமானம் அங்கேயே திரும்பும். டிரிம் பொத்தான் அதை ஒரே ஒரு வேகத்தில் மறைக்கும், அவ்வளவுதான். வேகம் மாறினால் துணியின் வடிவமும் மாறும், கோளாறு திரும்பி வரும்.

விமானத்தின் அளவு

நான் புதியவர்களுக்குச் சொல்வது முக்கோண டெல்டா. நடுத்தண்டு நீளம், பின்னால் உள்ள எலிவான்களையும் (மேலும் கீழும் அசைந்து விமானத்தைத் திருப்பும் பின்விளிம்புப் பலகைகள்) சேர்த்து 60 செ.மீ. இறக்கை அகலம் நுனியிலிருந்து நுனி வரை 100 செ.மீ. சட்டத்துக்கு 4 மி.மீ. கார்பன் குழாய்: முன்விளிம்புக்கு இரண்டு, நடுத்தண்டு ஒன்று, குறுக்குத்தண்டு ஒன்று. மூக்கில் சிறிய மோட்டார், எலிவான்களை அசைக்க இரண்டு 9 கிராம் சர்வோ (சிறு மோட்டார்), இரண்டு செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி. எல்லாம் சேர்த்து 200 கிராமுக்குள் நிறுத்துங்கள். இறக்கையின் பரப்பு 0.3 சதுர மீட்டர் வரும். அந்த எடைக்கு இது மணிக்கு 15 கிலோமீட்டர் வாக்கில் மிதக்கும், நிதானமாகச் சைக்கிள் ஓட்டும் வேகம். யோசித்துக் கை அசைக்க நேரம் கிடைக்கும். கற்றுக்கொள்ள இதைவிடக் கனிவான விமானம் எனக்குத் தெரியாது.

இந்த இறக்கைக்கு ஒரு நல்ல வம்சம் உண்டு. 1948இல் அமெரிக்காவில் பிரான்சிஸ் ரொகாலோவும் அவர் மனைவி கெர்ட்ரூடும் சமையலறைத் திரைத்துணியை வெட்டி, வளைந்து கொடுக்கும் இறக்கை கொண்ட பட்டம் ஒன்றைச் செய்தார்கள். மனிதர் தொங்கிக்கொண்டு பறக்கும் ஹேங் கிளைடரெல்லாம் அதன் வழியில் வந்ததுதான்.

துணி

பட்டத்துக்கென்று விற்கும் ரிப்ஸ்டாப் (கிழிசல் பரவாதபடி நெய்த) துணியை வாங்குங்கள். நைலான், பாலியெஸ்டர் இரண்டிலும் கிடைக்கும். பினாங்கு ஈரப்பதத்துக்கு நான் பாலியெஸ்டர்தான் எடுப்பேன். நைலான் ஈரத்தைக் குடித்து நீளும். வீட்டில் விசிறிக்குக் கீழே கச்சிதமாக நின்ற இறக்கை, காலைப் பனி விழுந்த திடலில் தளர்ந்துவிடும். சதுர மீட்டருக்கு 31 கிராம் எடையுள்ள மெல்லிய பாலியெஸ்டர் துணி போதும்.

வெட்டும்போது துணியின் இழை பின்விளிம்புக்கு இணையாக ஓட வேண்டும். கோணலாக வெட்டினால் பின்விளிம்பு நாளடைவில் இழுபட்டு, பறக்கும்போது படபடவென்று அடிக்கும்.

மாட்டிய பிறகு மூன்று சோதனை. ஒன்று, மூக்கிலிருந்து இரண்டு நுனிக்கும் அளவுநாடா பிடியுங்கள். அப்புறம் நுனியிலிருந்து வால் (நடுத்தண்டின் பின்முனை) வரை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் நூலைச் சரிசெய்யுங்கள். அடுத்து, சுண்டிப் பார்த்துச் சத்தத்தைக் கேளுங்கள். இரண்டு பக்கமும் ஒரே சத்தம் வர வேண்டும். கடைசியாக, விமானத்தைக் கண் மட்டத்தில் பிடித்துப் பின்னாலிருந்து பாருங்கள். இரண்டு துணியும் ஒரே அளவுக்கு லேசாக உப்பி நிற்க வேண்டும். துணியைப் பலகை மாதிரி இறுக்கவும் வேண்டாம், அந்த உப்பல் தேவை. திடலுக்குப் போனதும் இந்த மூன்றையும் மறுபடி செய்யுங்கள்.

சமநிலைப் புள்ளி

முக்கோண இறக்கைக்குக் கணக்கு சுலபம். தூக்குவிசையின் நடுநிலைப் புள்ளி ஏறக்குறைய நடுத்தண்டின் பாதியில் இருக்கும், அதாவது மூக்கிலிருந்து 30 செ.மீ. எடை அதற்கு முன்னால் விழ வேண்டும். இந்தக் கணக்குக்கு எடுக்கும் இறக்கையின் முன்பின் சராசரி நீளம் (mean aerodynamic chord) நடுத்தண்டில் மூன்றில் இரண்டு பங்கு, 40 செ.மீ.; அதில் பத்தில் ஒரு பங்கு 4 செ.மீ. முன்னே வந்தால் 26. தொடங்க அந்த 26தான் இடம். பழகிய பிறகு 28 வரை பின்னால் தள்ளலாம்.

நடுத்தண்டில் 26இல் ஒரு நாடா ஒட்டி, இரண்டு பக்கமும் விரல் நுனியால் தாங்குங்கள். மட்டமாகவோ, மூக்கு ஒரு பொட்டு தாழ்ந்தோ நிற்க வேண்டும். வால் தாழ்ந்தால் பேட்டரியை முன்னே நகர்த்துங்கள். ஈயம் சேர்ப்பது கடைசி வழி.

ரிமோட்

ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். ரிமோட்டில் டெல்டா மிக்ஸிங்கைத் (ஏற்ற இறக்கத்துக்கும் திருப்பத்துக்கும் அதே இரண்டு எலிவானையும் அசைக்கும் அமைப்பு) தேர்ந்தெடுங்கள். சர்வோ கை, அதை எலிவானோடு இணைக்கும் கம்பிக்குச் செங்குத்தாக நிற்கும்போது, எலிவான் இரண்டும் இறக்கை மட்டத்திலிருந்து 3 மி.மீ. மேலே இருக்கும்படி கம்பியின் நீளத்தைச் சரிசெய்யுங்கள். வால் இல்லாத விமானத்துக்கு அந்த மேல்நோக்கிய சாய்வுதான் வாலின் வேலையைச் செய்கிறது. அசைவு மேலும் கீழும் 10 முதல் 12 மி.மீ., எக்ஸ்போ (குச்சி நடுவில் இருக்கும்போது அசைவை மென்மையாக்கும் அமைப்பு) 30 சதவீதம்.

திசையைப் பின்னால் நின்று பாருங்கள். குச்சியை உங்களை நோக்கி இழுத்தால் இரண்டும் மேலே. வலப்பக்கம் தள்ளினால் வலது மேலே, இடது கீழே. இதைப் பார்க்காமல் எறிந்து, நான்கு வாரம் கட்டிய சட்டத்தை ஒருமுறை இழந்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் பார்க்கிறேன். ப்ரொப்பெல்லரை மாட்டும் முன், ரிமோட்டை அணைத்தால் மோட்டார் நிற்கிறதா என்பதையும் பாருங்கள்.

எறிந்து பார்த்தல்

பினாங்கில் காலை 9 மணிக்குள் முடித்துவிட வேண்டும். அதற்கப்புறம் கடற்காற்று எழும்ப ஆரம்பிக்கும், நீங்கள் பார்ப்பது விமானத்தின் குணமா காற்றின் குணமா என்று தெரியாது. பசியாறல் பிறகு. இடத்தையும் யோசியுங்கள்: தீவில் பாயான் லெப்பாஸ் விமான நிலையம், பெருநிலத்தில் பட்டர்வொர்த் விமானத் தளம். அவற்றின் சுற்றுப்பகுதியில் பறக்கவிடவும், எங்கேயும் 400 அடிக்கு மேல் ஏற்றவும் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும்.

நீளமான புல்லாகப் பார்த்து, காற்றை எதிர்த்து நில்லுங்கள். மோட்டார் அணைந்திருக்கட்டும். தோள் உயரத்தில் பிடித்து இரண்டு எட்டு நடந்து, அடிவானத்தைப் பார்த்து நேராக விடுங்கள். மேல்நோக்கி எறிவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. பத்து முறை எறியுங்கள், ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டும்.

மூக்கைத் தூக்கி, நின்று, பொத்தென்று விழுந்தால் எலிவானை ஒரு மில்லிமீட்டர் இறக்குங்கள். நேராகக் கீழே குத்தினால் ஒரு மில்லிமீட்டர் ஏற்றுங்கள். 6 மி.மீ.க்கு மேல் ஏற்றியும் குத்தினால் எடை முன்னால் அதிகம், பேட்டரியைக் கொஞ்சம் பின்னே தள்ளுங்கள். ஒரு பக்கம் திரும்பினால் டிரிம்மைத் தொடாதீர்கள், நூலுக்குப் போங்கள்.

மோட்டாரோடு

அரை த்ராட்டில் (மோட்டாரின் விசை) கொடுத்து எறிந்து, மூன்று மாடி உயரத்துக்கு ஏற்றுங்கள். த்ராட்டிலைக் கூட்டியதும் மூக்கு விருட்டென்று எழுந்தால், மோட்டாரைப் பிடிக்கும் திருகுகளில் மேலே உள்ள இரண்டிலும், மோட்டாருக்கும் அது உட்காரும் பலகைக்கும் நடுவே மெல்லிய வாஷர் ஒவ்வொன்று போடுங்கள். மோட்டார் லேசாகக் கீழே பார்க்கும். மோட்டாரோடு மட்டும் இடப்பக்கம் இழுத்து, மோட்டார் இல்லாமல் நேராகப் போனால், அது ப்ரொப்பெல்லரின் முறுக்கு. அதற்கு மோட்டாரை ஒரு டிகிரி வலப்பக்கம் திருப்புங்கள்.

மற்ற விமானங்களைச் செங்குத்தாகக் கீழே பாயவிட்டுச் சமநிலையைச் சோதிப்பார்கள். துணி இறக்கையை அப்படிச் செய்யவே கூடாது. மூக்கு அதிகம் தாழ்ந்தால் துணியில் காற்று நிற்காது, உப்பல் போய்க் கொடி மாதிரி அடிக்கும். அதற்கப்புறம் எலிவான் தூக்கினாலும் விமானம் நிமிராமல் போகலாம். ரொகாலோ வகை ஹேங் கிளைடர்களுக்கும் இந்த ஆபத்து இருந்தது. லேசான சரிவு போதும். குச்சியிலிருந்து கையை விட்டதும் மெதுவாகத் தானே நிமிர்ந்தால் நல்லது, சட்டென்று எம்பினால் மூக்கு கனம், சரிவு கூடிக்கொண்டே போனால் உடனே இறக்கிப் பேட்டரியை முன்னே தள்ளுங்கள்.

திருப்தியானதும் தரையில் எலிவான்கள் நிற்கும் இடத்தை அளந்துகொண்டு, டிரிம்மைப் பூஜ்யமாக்கி, கம்பியின் நீளத்தை மாற்றி அதே இடத்துக்குக் கொண்டுவாருங்கள். அந்த அளவையும், பேட்டரி நின்ற இடத்தையும், தேதியையும் ஒரு நாடாவில் எழுதி நடுத்தண்டில் ஒட்டுங்கள். வீட்டுக்குக் கிளம்பும் முன் குறுக்குத்தண்டைக் கழற்றித் துணியைத் தளர்த்திவிடுங்கள். பேட்டரியை மட்டும் வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டுப் பசியாறப் போகாதீர்கள்.