வளவு வீட்டில் இரண்டு பேர் குடித்தனம் தொடங்க

கல்யாணமாகிச் சென்னை வாடகையை விட்டுவிட்டு, காரைக்குடிப் பக்கம் பூர்வீக வீட்டுக்கே போய்விடலாம் என்று முடிவு செய்துவிட்டீர்களா? சரி, வீட்டைப் பார்த்து மலைத்து நிற்காதீர்கள். முகப்பு, நடுமுற்றத்தைச் சுற்றிய வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கி மறுதெருவில் முடிகிற வீட்டை இரண்டு பேர் பெருக்கி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஒரு அறை, ஒரு அடுப்பு, மீதியைப் பூட்டியே வையுங்கள்.

துடைப்பத்தைத் தொடுமுன் ஃபோனை எடுங்கள். வீடு பங்காளிகள் எல்லோருக்கும் பொது. கரண்ட் பில் யார் கட்டுவது, ஓடு மாற்றினால் யார் செலவு, எந்த அடுப்படியைப் புழங்கலாம் என்று மலேசியாவில் இருக்கிற பெரியப்பா வரைக்கும் பேசி எழுதி வைத்துவிடுங்கள். நாங்கள் எழுதாமல் விட்டோம், ஒரு தேக்குப் பெட்டியை நகர்த்தியதற்கு ஆறு மாசம் பேச்சுவார்த்தை கிடையாது.

அப்புறம் அடுப்பு. நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார் வீடுகளில் கல்யாணமானவர்களை ‘வேறு வைப்பார்கள்’. கூரை ஒன்றுதான், ஆனால் சமையலும் வரவுசெலவும் தனி, பாத்திரமும் சாமானும் கொடுத்து உங்கள் பாட்டை நீங்கள் பாருங்கள் என்று விட்டுவிடுவார்கள். கோயில் கணக்கிலும் நீங்கள் தனிப் புள்ளி, அதாவது தனிக் குடும்பம். வெளியூரிலிருந்து வரும் மருமகள்கள் இதைச் சண்டை போட்டுப் பிரிவது என்று நினைத்துப் பயப்படுகிறார்கள், ஆனால் புதுசாக இருக்கிற இரண்டு பேர் கூச்சம் விட்டுப் பழக இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் முதல் வாரம் வைத்த புளிக்குழம்பை இரண்டு பேரும் ஒரு வாய் வைத்துவிட்டு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம், அப்போது வந்த சிரிப்பில்தான் ‘நீங்க’ போய் ‘நீ’ வந்தது. உங்கள் வீட்டில் யாரும் வேறு வைக்காவிட்டால் நீங்களே கேளுங்கள். ஒரு வருஷத்துக்கான மளிகைச் சாமானை மட்டும் மொத்தமாக வாங்கி அடுக்காதீர்கள், வண்டு விழுந்துவிடும்.

தரையில் பதித்திருக்கிற ஆத்தங்குடிக் கல்லில் ஆசிட் ஊற்றவே கூடாது. சிமெண்டும் நிறப்பொடியும் கண்ணாடிமேல் வார்த்துக் கையால் செய்த கல் அது, ஆசிட் பட்டால் மினுமினுப்பு போய்விடும். வெறும் தண்ணீர் போதும், நடக்க நடக்கப் பளபளக்கும். சுண்ணாம்புச் சுவரில் பிளாஸ்டிக் பெயிண்டும் வேண்டாம், ஈரம் உள்ளேயே நின்று உரிந்து வரும்.

சுவர் கனம் என்பதால் அறைக்குள் சிக்னல் சரியாக வராது, லேப்டாப்போடு முகப்புக்கு வந்துதான் ஆக வேண்டும். அங்கே உட்கார்ந்தால் போகிறவர் வருகிறவர் எல்லோரும் “எந்தக் கோயில்?” என்பார்கள், நகரத்தார் பிரிவுகளுக்கு உரிய ஒன்பது நகரக் கோயில்களில் உங்களுடையது எது என்று அர்த்தம். சாதி மாறிக் கட்டியவர்கள் மழுப்ப வேண்டாம், முதல் நாளே சொல்லிவிட்டால் மூணாவது நாள் கேள்வி கேட்ட ஆச்சியே வெள்ளைப் பணியாரத்துக்குப் பக்குவம் சொல்லித் தருவார்.

கார்த்திகை தீபம் கழிந்து 21ஆம் நாள் பிள்ளையார் நோன்பு. மாவுப் பிள்ளையாரில் நூல் திரி ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வதுதான் இழை எடுப்பது. அதற்குப் பங்காளிகள் வந்து இறங்கி அடுப்படிச் சாவி கேட்பார்கள். கொடுத்துவிடுங்கள், அன்றைக்கு உங்கள் சமையலும் மிச்சம்.