டேப் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: பெட்டியில் எழுதாத சங்கதிகள்

டேப்லெட் வாங்கக் கடைக்குப் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை ஜிபி ரேம்?" என்பதுதான். விற்பவரும் தயாராக இருப்பார். "எட்டு ஜிபி சார்" என்பார். பெட்டியைத் திருப்பினால் சின்ன எழுத்தில் 4+4 என்று போட்டிருக்கும்.

இந்தக் கூட்டலில்தான் முதல் ஏமாற்றம். முன்னால் இருக்கும் 4 தான் நிஜமான ரேம். பின்னால் இருப்பது ஸ்டோரேஜில் கொஞ்சம் இடத்தை ஒதுக்கி, அதை ரேம் போலப் புழங்குவது. ரேமின் வேகம் ஸ்டோரேஜுக்குக் கிடையாது என்பதால், இரண்டையும் கூட்டி எட்டு என்று சொல்வது விற்பனைக்கு மட்டும் உதவும்.

அதைவிட முக்கியமான ஒன்றைப் பெட்டியில் பெரும்பாலும் போடவே மாட்டார்கள்: அந்த ஸ்டோரேஜ் என்ன ரகம் என்பது. விலை குறைந்த டேப்களில் பெரும்பாலும் இஎம்எம்சி இருக்கும். கொஞ்சம் விலை ஏறினால் யுஎஃப்எஸ். இஎம்எம்சி 5.1 தரத்தின் உச்ச வரம்பே நொடிக்கு 400 எம்பி. யுஎஃப்எஸ் 2.2 தரத்தின் வரம்பு ஆயிரத்தைத் தாண்டும். இதைவிடப் பெரிய வித்தியாசம் வேறு: இஎம்எம்சியால் ஒரே நேரத்தில் படிக்கவும் எழுதவும் முடியாது, ஒன்று முடிந்துதான் மற்றது. பிளே ஸ்டோர் பின்னணியில் நாலு ஆப்பை அப்டேட் செய்துகொண்டிருக்கும்போது வாட்ஸ்அப்பைத் திறந்தால் டேப் திணறுவது இதனால்தான். வாங்கிய புதிதில் இது தெரியாது. ஸ்டோரேஜ் நிரம்ப நிரம்பத்தான் தெரியும். "புதுசுல நல்லாத்தான் இருந்துச்சு, இப்போ ஹேங் ஆகுது" என்று வரும் புகார்கள் பலவற்றின் வேர் இங்கே இருக்கிறது. அந்தத் திணறலின் மேல் கூடுதல் ரேம் வேலையையும் ஏற்றினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆண்ட்ராய்டு டேப்பில் நிஜ ரேம் 6 ஜிபி, யுஎஃப்எஸ் ஸ்டோரேஜ் 128 ஜிபி. இதற்குக் கீழே போனால் மூன்று நான்கு வருடம் நிம்மதியாக ஓடும் என்று நான் எதிர்பார்க்க மாட்டேன். "கார்டு போட்டுக்கலாம் சார்" என்பதை நம்பி ஸ்டோரேஜைக் குறைக்காதீர்கள். கார்டில் படங்களும் பிடிஎஃப்களும் இருக்கலாம், ஆப்கள் பெரும்பாலும் உள் ஸ்டோரேஜைத்தான் பிடிக்கும். ஐபேடில் கார்டு போட இடமே கிடையாது. பத்தாம் தலைமுறை ஐபேடின் 64 ஜிபி பழைய ஸ்டாக் சல்லிசாக வந்தால் அதையும் யோசித்துத்தான் எடுக்க வேண்டும்.

எட்டு கோர் என்பது ஒரு தகவலே இல்லை

அடுத்த தவறு, "ஆக்டா கோர்" என்று போட்டிருப்பதைப் பார்த்து மனம் குளிர்வது. கோர் என்பது சிப்புக்குள் வேலை பார்க்கும் தனிப் பிரிவு, ஆக்டா என்றால் எட்டு. யூனிசாக் டி606, ஹீலியோ ஜி99, ஸ்னாப்டிராகன் 680, ஸ்னாப்டிராகன் 870 ஆகிய சிப்கள் எல்லாமே எட்டு கோர்தான். ஆனால் எட்டும் ஒரே ரகம் இல்லை. டி606-இல் வேகமான கோர் இரண்டு, அவையும் ஏ75 என்ற பழைய வடிவமைப்பு. ஜி99-இலும் இரண்டுதான், ஆனால் ஏ76. ஸ்னாப்டிராகன் 870-இல் ஏ77 நான்கு. பெட்டியில் நான்குக்கும் ஒரே வரி.

புதுசு என்றால் வேகம் என்ற நம்பிக்கையும் இங்கே எடுபடாது. 2022-இல் வந்த ரெட்மி பேடில் ஹீலியோ ஜி99 இருந்தது. அடுத்த ஆண்டு வந்த ரெட்மி பேட் எஸ்இயில் ஸ்னாப்டிராகன் 680. திரை கொஞ்சம் பெரிதானது, சிப் மெதுவானது. ஒரே பெயரில் உள்ளே வேறு சரக்கு வருவதும் உண்டு. சாம்சங் கேலக்ஸி டேப் எஸ்6 லைட்டை எடுத்துக்கொள்ளுங்கள்: 2020 மாடலில் எக்ஸினாஸ் 9611, 2022 மாடலில் ஸ்னாப்டிராகன் 720ஜி, 2024 மாடலில் எக்ஸினாஸ் 1280. ஆன்லைனில் பெயரை மட்டும் தேடினால் மூன்றும் கலந்து வரும், தள்ளுபடி அதிகமாக இருப்பது பெரும்பாலும் பழசாக இருக்கும். அதனால் பெயரோடு நிற்காமல், மாடல் எண்ணையும் வெளியான ஆண்டையும் பார்த்துவிடுங்கள்.

அதற்காக எல்லோரும் பெரிய சிப்பைத் தேடி ஓட வேண்டியதில்லை. யூடியூப், ஆன்லைன் வகுப்பு, செய்தி என்று மட்டும் புழங்கும் வீட்டுக்கு ஸ்னாப்டிராகன் 680 போதும். பையன் கேம் விளையாடுவான், மகள் வீடியோ எடிட் செய்வாள் என்றால் அது வேறு கணக்கு.

11 அங்குலம் என்றால் எத்தனை அகலம்?

திரையைக் குறுக்காக, மூலையிலிருந்து மூலைக்கு அளந்து அங்குலம் சொல்வார்கள். படிப்பவருக்கு வேண்டியது அகலம். டேப்பை நிமிர்த்திப் பிடித்து பிடிஎஃப் படிக்கும்போது, எழுத்தின் அளவைத் தீர்மானிப்பது அந்த அகலம்தான்.

சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். பட்ஜெட் டேப்கள் பெரும்பாலும் 16:10 விகிதத்தில் நீளமாக இருக்கும். அந்த விகிதத்தில் 11 அங்குலத் திரையின் அகலம் சுமார் 14.8 செ.மீ. பழைய 9.7 அங்குல ஐபேடின் திரை 4:3 விகிதம், அதன் அகலமும் 14.8 செ.மீ. தான்! அதாவது டிஎன்பிஎஸ்சி நோட்ஸைத் திறந்து வைத்தால் இரண்டிலும் எழுத்து ஒரே அளவில்தான் தெரியும், கூடுதலாகக் கொடுத்த அங்குலம் மேலும் கீழும் வெற்றிடமாகக் கிடக்கும். முதல் ஒன்பிளஸ் பேட் 7:5 விகிதத்தில் வந்தது, ஏ4 தாளின் விகிதத்துக்கு மிக நெருக்கம். அதன் 11.61 அங்குலத் திரையின் அகலம் ஏறக்குறைய 17 செ.மீ.

ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. அதில் 12 பாயின்ட்டில் அச்சான எழுத்து, 11 அங்குல 16:10 டேப்பில் எட்டரை பாயின்ட்டாகச் சுருங்கும். 8.7 அங்குல டேப்பில் ஆறரை பாயின்ட். ஆங்கிலத்தை எப்படியோ சமாளித்துவிடலாம். தமிழில் அந்த அளவில் 'ண்' மேல் இருக்கும் புள்ளி காணாமல் போகும், 'ன' எது 'ண' எது என்று கண் தடுமாறும். அப்புறம் பக்கத்துக்குப் பக்கம் இரண்டு விரலால் பெரிதாக்கி, இடதும் வலதும் இழுத்து இழுத்துத்தான் படிக்க வேண்டும். சினிமா மட்டும் பார்ப்பவருக்கு நீளத் திரைதான் லாபம், மேலும் கீழும் கறுப்புப் பட்டை குறையும். படிக்கிற பிள்ளைக்கு அகலம். கடைக்குப் போகும்போது உங்கள் பிடிஎஃப் ஒன்றை பென் டிரைவிலோ கூகுள் டிரைவிலோ எடுத்துப் போய் டெமோ டேப்பில் திறந்து பாருங்கள். கடைக்காரர் கொஞ்சம் முறைப்பார், பரவாயில்லை.

சினிமா என்றதும் இன்னொன்று. திரை 2கே என்று பெருமையாகப் போட்டிருக்கும், நெட்ஃபிளிக்ஸைத் திறந்தால் மங்கலாகத் தெரியும். காரணம் வைட்வைன் என்ற பாதுகாப்புச் சான்று. ஆண்ட்ராய்டு டேப்புக்கு எல்1 நிலை இருந்தால்தான் நெட்ஃபிளிக்ஸ் எச்டி தரும். எல்3 என்றால் திரை எவ்வளவு நன்றாக இருந்தாலும் எஸ்டி தரம்தான். பெயர் தெரியாத சில பிராண்டுகளில் இந்தச் சிக்கல் சகஜம். நெட்ஃபிளிக்ஸ் ஆப்பின் செட்டிங்ஸுக்குள் பிளேபேக் ஸ்பெசிஃபிகேஷன் என்ற இடத்தில் எந்த நிலை என்று தெளிவாகத் தெரியும். ஐபேடுக்கு இந்தக் கவலை இல்லை.

வசதிகள்: கேட்காமலே ஊகித்துக்கொள்வது

வைஃபை மாடலா, சிம் மாடலா? சில ஆயிரம் ரூபாய் மிச்சம் என்று வைஃபை மாடலை எடுத்துவிட்டு, அதில் யுபிஐ ஆப் பதிவு ஆகவில்லையே என்று குழம்புபவர்கள் உண்டு. பதிவு செய்யும்போது வங்கியில் கொடுத்த எண்ணுள்ள சிம்மிலிருந்து எஸ்எம்எஸ் போயாக வேண்டும். சிம்மே இல்லாத டேப்பில் அதற்கு வழியில்லை. வைஃபை ஐபேடுகளில் ஜிபிஎஸ்ஸும் கிடையாது. காரில் மாட்டி மேப் பார்க்கலாம் என்று வாங்கினால் ஏமாற்றம்தான். சிம் போடும் டேப் எல்லாவற்றிலும் போன் பேச முடியும் என்பதும் தவறான எண்ணம். ஐபேட் சிம் மாடலில் இன்டர்நெட் மட்டும்தான், சாதாரண அழைப்பு போகாது.

பேனா விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். கேலக்ஸி டேப் ஏ9 பிளஸ், சாம்சங்கின் சொந்தப் பேனாவான எஸ் பென்னை ஏற்காது. டேப் எஸ்6 லைட், எஸ்9 எஃப்இ இரண்டிலும் பேனா பெட்டியிலேயே வரும். அந்த எஸ் பென்னில் எழுத சார்ஜ் தேவையில்லை. பத்தாம் தலைமுறை ஐபேட் முதல் தலைமுறை ஆப்பிள் பென்சிலையும் யுஎஸ்பி-சி பென்சிலையும்தான் ஏற்கும். இரண்டாம் தலைமுறைப் பென்சிலை யாரோ பாதி விலைக்குத் தருகிறார்கள் என்று வாங்கிவிடாதீர்கள். யுஎஸ்பி-சி பென்சிலுக்கு அழுத்தத்தை உணரும் திறன் இல்லை: கணக்குப் போட, நோட்ஸ் எழுதப் போதும், படம் வரைபவருக்குப் போதாது. ரப்பர் முனை வைத்த முந்நூறு ரூபாய் ஸ்டைலஸ் உங்கள் விரலுக்குப் பதில் இன்னொரு விரல், அவ்வளவுதான்.

கேமராவை மறந்துவிடுங்கள். வீடியோ வகுப்புக்கு முன்கேமரா மட்டும் திரையின் நீளப் பக்கத்தின் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் பிள்ளை எப்போதும் ஓரத்தைப் பார்த்துப் பேசுவது போலத் தெரியும். பேட்டரியில் கொள்ளளவைச் சொல்லும் எம்ஏஎச் எண்ணைவிட, எத்தனை வாட்டில் சார்ஜ் ஆகும், சார்ஜர் பெட்டியில் இருக்கிறதா என்று கேட்பது பயன்.

சர்வீஸை வாங்கிய பிறகு விசாரிப்பது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். போன் போல டேப் தினமும் விற்கும் பொருள் அல்ல. அதனால் உங்கள் ஊரில் அந்த பிராண்டின் சர்வீஸ் சென்டர் இருந்தாலும், டேப்புக்கான டிஸ்ப்ளே அங்கே ஸ்டாக் இருக்கும் என்று சொல்ல முடியாது. வாங்குவதற்கு முன்பே அந்த சென்டருக்கு ஒரு போன் போடுங்கள். இந்த மாடல் டேப்பை இங்கேயே சரிசெய்வீர்களா, வேறு ஊருக்கு அனுப்புவீர்களா? டிஸ்ப்ளே மாற்ற எவ்வளவு, எத்தனை நாள்? பதில் சொல்லும் விதத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

டிஸ்ப்ளேவை ஏன் குறிப்பாகக் கேட்கச் சொல்கிறேன் என்றால், டேப் கீழே விழுந்தால் முதலில் போவது அதுதான், வாரண்டி அதற்குப் பொருந்தாது. கண்ணாடியும் திரையும் ஒன்றாக ஒட்டப்பட்ட மாடல்களில் கண்ணாடியில் விரிசல் விட்டாலே மொத்தத்தையும் மாற்ற வேண்டும். அடிப்படை ஐபேடில் இரண்டும் தனித்தனி. பேனாவால் எழுதும்போது முனைக்கும் கோட்டுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி தெரியும் என்று இதைக் குறையாகச் சொல்வார்கள். ஆனால் உடைந்தால் வெளிக் கடையில் கண்ணாடியை மட்டும் மாற்ற முடிகிறது. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அது குறையல்ல.

கடையில் விற்கும் 'எக்ஸ்டெண்டட் வாரண்டி'யை உடைவதற்கும் சேர்த்து என்று நினைத்து வாங்குகிறார்கள். சாதாரணமாக அது, தானாக வரும் பழுதுக்கான காலத்தை நீட்டுவது மட்டுமே. விழுந்து உடைவதற்கும் தண்ணீர் பட்டதற்கும் தனித் திட்டம். தாளில் எது எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டுக் காசு கொடுங்கள்.

சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ மாமா வாங்கி வரும் டேப்புக்கும் இதே எச்சரிக்கை. பல பிராண்டுகளின் வாரண்டி வாங்கிய நாட்டோடு முடிந்துவிடும். சீனச் சந்தைக்கான டேப்கள் கூகுள் சேவைகளைச் சரியாக அமைக்காமலே வருவதுண்டு.

சாஃப்ட்வேர் அப்டேட்டும் ஒரு சர்வீஸ்தான். இங்கே பலர் செய்யும் தவறு, கணக்கை வாங்கிய நாளிலிருந்து தொடங்குவது. கம்பெனி சொல்லும் வருடங்கள் மாடல் வெளியான நாளிலிருந்து ஓடுகின்றன. 2023-இல் வந்த எஸ்9 எஃப்இக்கு ஐந்து வருடப் பாதுகாப்பு அப்டேட் என்றால் அது 2028 வரைதான், நீங்கள் அதை எந்த தீபாவளி ஆஃபரில் எடுத்தாலும் சரி. டேப் எஸ்10 வரிசைக்கு ஏழு வருடம். 2019-இல் வந்த ஏழாம் தலைமுறை ஐபேடுக்கு 2024-இல் ஐபேட் ஓஎஸ் 18 வரை கிடைத்தது. அப்டேட் பற்றி எதுவுமே சொல்லாத பிராண்டு, கொடுக்கப் போவதில்லை என்று எடுத்துக்கொள்வது பாதுகாப்பு.

கஸ்டமர் கேர் எண்ணைக் கூகுளில் தேடி, முதலில் வந்ததை அழைப்பது ஆபத்து. போலி எண்களை வைத்துப் பணம் பறிப்பது இங்கே தொழிலாகவே நடக்கிறது. பெட்டியில் வந்த தாளிலோ கம்பெனியின் சொந்தத் தளத்திலோ இருக்கும் எண்ணை மட்டும் பயன்படுத்துங்கள். "இந்த ஆப்பைப் போடுங்கள், நான் உங்கள் திரையைப் பார்த்துச் சரிசெய்கிறேன்" என்று எதிர்முனையில் சொன்னால் போனை வையுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

சர்வீஸ் சென்டருக்குப் போகும் ஒவ்வொரு முறையும் ஜாப் ஷீட், அதாவது என்ன பழுது என்று அவர்கள் எழுதித் தரும் தாளைக் கேட்டு வாங்குங்கள், பத்து நிமிடத்தில் சரிசெய்து கொடுத்தாலும் விடாதீர்கள். ஒரே பழுதுக்கு நான்கு தடவை அலைந்தோம் என்பதற்கு அந்தத் தாள்தான் சாட்சி. பில்லில் மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும். ஆன்லைனில் வாங்கினால் விற்பவரின் பெயர் உள்ள பில்லைத் தரவிறக்கி வையுங்கள். இவ்வளவும் கையில் இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் கொடுக்கலாம். அதிலும் சரிவரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், பொருளின் விலை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் இல்லை.