வாட்ஸ்அப்பில் வாதம் செய்யும் முன் ஒரு புரூஃப் பாருங்கள்

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு அச்சுக் கடையில் 26 வருடமாக டிடிபி, அதாவது கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்து பக்கம் அமைக்கும் வேலை செய்கிறேன். காலையில் அம்மன் கோயில் கூழ் வார்க்கும் விழா நோட்டீஸ், மதியம் ஒரு சபையின் உபவாச ஜெபப் போஸ்டர், சாயங்காலம் பகுத்தறிவுக் கூட்டத்துக்குத் துண்டறிக்கை, கடை மூடும் நேரத்தில் மீலாது விழா பேனர் என்று ஒரே நாளில் அடித்துக் கொடுத்ததுண்டு. தேர்தல் வந்துவிட்டால் எல்லாக் கட்சி மேட்டரும் இதே விரல் வழியாகத்தான் போகும். என் அப்பா தங்கசாலைப் பக்கம் ஒரு பிரஸ்ஸில் கையால் அச்சுக் கோர்த்தவர். அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம் இது: எழுத்துப் பிழையைத் திருத்து, கருத்தில் கை வைக்காதே. உனக்குப் பிடிக்கிறதோ இல்லையோ, மேட்டர் கொடுத்தவர் சொன்னது சொன்னபடி வர வேண்டும்.

கடையில் ஒழுங்காகச் செய்த இதை ஃபோனில் செய்ய எனக்குப் பல வருடம் பிடித்தது. தெருக் குழு, சொந்தக்காரர் குழு, பள்ளித் தோழிகள் குழு என்று மூன்றிலும் சண்டை போட்டிருக்கிறேன். ஓட்டு மெஷினில் ஆரம்பித்து ஓமம் வளர்ப்பது வரைக்கும் எதையும் விட்டதில்லை. ஒரு அத்தை மகள் என்னோடு இரண்டு வருடம் பேசாமல் இருந்தாள். அவளைத் திரும்பப் பெற்ற பிறகு, வாதத்தை விடவும் கூடாது, ஆளை இழக்கவும் கூடாது என்று நான் பழகிக்கொண்ட வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், வந்த செய்தியை, அச்சடிக்கும் முன் பிழை திருத்தப் புரூஃப் பார்ப்பது போலப் படியுங்கள். புரூஃப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கண் தனக்குப் பழகிய சொல்லைத்தான் படிக்கும், தாளில் இருப்பதைப் படிக்காது. ‘திருமண’ என்ற இடத்தில் ‘திருணம’ என்று இருந்தாலும் மனசு சரியாகவே வாசித்துவிட்டுப் போய்விடும். அதனால்தான் ஒருவர் வாய்விட்டுப் படிக்க, இன்னொருவர் மூலத்தைப் பார்ப்போம். கோபத்தில் படிக்கும்போதும் இதேதான் நடக்கிறது. அவர் எழுதியதை விட்டுவிட்டு, அவர் எழுதுவார் என்று நாம் நினைத்ததைப் படிக்கிறோம். தெருக் குழுவில் ஒருவர், “ஓட்டுப் போட்டு இன்னா ஆவப் போவுது” என்று எழுதினார். நான் ஆதரிக்கும் கட்சியைக் குத்துகிறார் என்று நினைத்து நீளமாகப் பதில் எழுதிவிட்டேன். மறுநாள் கறிக்கடையில் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. வாக்காளர் பட்டியலில் அவருடைய அம்மா பெயர் விடுபட்டுப் போயிருந்தது. பெயரைத் திரும்பச் சேர்க்கப் படிவம் 6 கொடுக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். நான் நாற்பது வரி எழுதியிருந்தேன்.

ஆகவே ஒரு தடவை வாய்விட்டுப் படியுங்கள். அவர் குரலில் படியுங்கள். அப்புறம் அவர் சொன்னதை உங்கள் சொல்லில் ஒரே வாக்கியமாக எழுதி, “நீங்க சொல்றது இதுதானே?” என்று கேளுங்கள். அவர் “ஆமா” என்று சொல்லும்வரை பதில் எழுத வேண்டாம். கடையில் வாடிக்கையாளரிடம் புரூஃபில் கையெழுத்து வாங்காமல் அச்சுக்குப் பிளேட் போட மாட்டோம் அல்லவா? அந்தக் கையெழுத்துதான் இந்த “ஆமா”.

என் கொழுந்தனோடு ஓட்டு மெஷின் பற்றி நடந்த வாதத்தில்தான் இதன் பலன் எனக்குப் புரிந்தது. “அண்ணி, புளூடூத்துல ஓட்டை மாத்திடறாங்க, எல்லாம் கண்துடைப்பு” என்று எழுதினார். பழைய ஆளாக இருந்தால் சிரிக்கிற பொம்மை நாலு போட்டிருப்பேன். இந்தத் தடவை கேட்டேன்: “மெஷின் வெளியே எதோடயோ பேசுதுன்னு சொல்றீங்களா, இல்ல நம்ம ஓட்டு சரியா எண்ணப்பட்டதான்னு நம்மளால பாக்க முடியலன்னு சொல்றீங்களா?” கொஞ்ச நேரம் கழித்து, “ரெண்டாவதுதான் எனக்கு வருத்தம்” என்று வந்தது. அந்த ஒரு பதிலில் பாதிச் சண்டை தீர்ந்துவிட்டது. முதல் கேள்வியும் இரண்டாவது கேள்வியும் வேறு வேறு. மெஷினுக்குள் இணையமோ புளூடூத்தோ கிடையாது என்று தேர்தல் ஆணையம் சொல்கிறது, உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றிருக்கிறது. இரண்டாவது கேள்வியோ நியாயமானது. பொத்தானை அழுத்தியதும், யாருக்கு ஓட்டு விழுந்தது என்று அச்சடித்துக் காட்டும் விவிபாட் கருவியின் கண்ணாடிக்குள் 7 விநாடி சீட்டு தெரியும், பிறகு பெட்டியில் விழும். அந்தச் சீட்டுகளை ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு 5 வாக்குச்சாவடி என்ற கணக்கில்தான் எண்ணிச் சரிபார்க்கிறார்கள். எல்லாச் சீட்டையும் எண்ண வேண்டும் என்று கேட்டுத்தான் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2024 ஏப்ரல் 26 அன்று நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அதே தீர்ப்பில், சின்னங்களை ஏற்றும் கருவியை முடிவு வந்து 45 நாள் வரை முத்திரையிட்டுப் பாதுகாக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

இதை எழுதிவிட்டு, “உங்க கேள்விய கேட்டவங்க டில்லி வரைக்கும் போயிருக்காங்க, நீங்க தனியா இல்ல” என்று சேர்த்தேன். அவர் முட்டாள் இல்லை என்பதை நான் ஒப்புக்கொண்ட பிறகுதான் புளூடூத் விஷயத்தை அவர் கைவிட்டார். எங்கள் தெருவில் பூத் ஏஜென்ட்டாக உட்கார்ந்த ஒரு அக்காவும் அந்தக் குழுவில் இருக்கிறார். வாக்குப்பதிவு தொடங்கும் முன் ஏஜென்ட்டுகள் கண் முன்னால் குறைந்தது 50 ஓட்டு மாதிரிக்குப் போட்டுப் பார்ப்பதையும், முடிந்ததும் எத்தனை ஓட்டு பதிவானது என்று 17சி படிவத்தில் எழுதித் தருவதையும் அவர் குரல் பதிவாகவே போட்டார். கண்ணால் பார்த்தவர் குழுவிலேயே இருந்தால் அவரைப் பேச விடுங்கள். நாம் தேடி எடுத்து ஒட்டும் பத்து இணைப்புகளை விட அது மேல்.

அடுத்தது, செய்தியின் அடியில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். தேர்தல் நோட்டீஸை அச்சிட்டவர், வெளியிடுபவர் பெயரும் முகவரியும் இல்லாமல் நாங்கள் அடிக்க முடியாது. 1951 ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு அதைத் தடுக்கிறது, மீறினால் சிறை வரை போகும். இதை வேலைக்குச் சேர்ந்த மாதமே கற்றுக்கொண்ட நான்தான், பெயரே இல்லாத ஒரு குரல் பதிவை 2018 இல் மூன்று குழுவுக்கும் அனுப்பினேன்.

பிள்ளை பிடிக்கிற கும்பல் வடநாட்டிலிருந்து வந்திருக்கிறது, பிள்ளைகளை வெளியே விடாதீர்கள் என்று ஒரு பெண் அழுதபடி பேசுகிற பதிவு. என் மகளுக்கு அப்போது எட்டு வயது. கேட்ட மாத்திரத்தில் அனுப்பிவிட்டேன், யோசிக்கவே இல்லை. அந்த மே மாதத்தில்தான் இந்த வதந்தியை நம்பி, எங்களுக்கு வடக்கே பழவேற்காட்டில் ஒரு மனிதரை அடித்துக் கொன்றார்கள். திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்குப் போன வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த ஒரு மூதாட்டியையும் கொன்றார்கள். நான் அனுப்பிய பதிவு அங்கே போனதா இல்லையா என்பது எனக்குத் தெரியப் போவதில்லை. ஆனால் அதே சரக்கு என் கையிலும் இருந்தது, நானும் கடத்தினேன். அந்தச் செய்தியைப் படித்த ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த வருடம் ஜூலையில்தான் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுவுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2020 ஏப்ரலில், பல கை மாறி வந்த செய்தியை ஒரு தடவைக்கு ஓர் இடத்துக்குத்தான் அனுப்பலாம் என்று இறுக்கியது. அப்படிப்பட்ட செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருக்கும். அதைப் பார்த்தால் நான் இப்போது வாதத்துக்கே போவதில்லை. “இதை முதலில் சொன்னது யார்? எந்த ஊர், எந்தத் தேதி?” என்ற கேள்வியை மட்டும் போடுகிறேன். அனுப்பியவரைத் திட்டுவதும் இல்லை. பயத்தில் அனுப்புகிறவருடைய பயம் எனக்குத் தெரியும்.

இனி சாமி விஷயம். இதில்தான் அத்தை மகளை இழந்தேன். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று அவள் ஒரு படம் போட்டாள். “சுத்தப் பொய், நிழல் விழாத கட்டடம் உலகத்திலேயே இல்லை, படிச்சவதானே நீ” என்று எல்லார் முன்னாலும் எழுதினேன். நான் சொன்னது உண்மைதான். பள்ளிச் சுற்றுலாவில் நாங்கள் கட்டுசோற்றைப் பிரித்ததே அந்த விமானத்தின் நிழலில்தான். ஆனால் அவள் என்னிடம் சொல்ல வந்தது நிழலைப் பற்றியா? “நம்ம ஆளுங்க கட்டினது, பாரு எவ்வளவு பெரிசு” என்பதுதான் அவள் மனசு. நான் நிழலையும் அந்தப் பெருமையையும் சேர்த்து மிதித்துவிட்டேன்.

இரண்டு வருடம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தோம். அந்தக் கோயில் 1010 இல் கட்டி முடிந்தது, அங்கே ஆட வந்த சுமார் 400 பெண்களின் பெயரையும், எந்தத் தெருவில் எந்த வீடு என்பதையும் ராஜராஜன் கல்லில் வெட்டி வைத்திருக்கிறான் என்று அவளிடம் சொன்னேன். “பொம்பளைங்க பேரா? வீட்டு அட்ரஸோடயா?” என்று கை சாப்பாட்டிலேயே நின்றுவிட்டது அவளுக்கு. நிழல் கதையை அவளாகவே விட்டுவிட்டாள். பொய்யை மட்டும் பிடுங்கிவிட்டு அந்த இடத்தை வெறுமையாக விடாதீர்கள். அதைவிடப் பெரிய உண்மை ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுங்கள். அநேகமாக ஒன்று இருக்கும்.

கடவுள் உண்டா இல்லையா என்பதில் என் வழி வேறு. அதைக் குழுவில் பேசுவதில்லை, நேரில் பேசுகிறேன். ஒரு நம்பிக்கையோடு சேர்ந்து வரும் சரிபார்க்கக்கூடிய விஷயங்களை மட்டும் குழுவில் எடுத்துக்கொள்கிறேன். இந்த எண்ணெயைத் தடவினால் சர்க்கரை மாத்திரையை நிறுத்தலாம் என்று ஒருவர் எழுதினால் அன்றைக்கே மறுத்துவிடுவேன், மாத்திரையை நிறுத்தினால் உயிருக்கு ஆபத்து. கூழ் வார்ப்பது சரியா, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை சரியா என்றால் என் விரல் அசையாது. அப்பா அடிக்கடி அருட்பா – மருட்பா சண்டையைச் சொல்வார். வள்ளலார் எங்களுக்குக் கூப்பிடு தூரத்தில், ஏழுகிணற்றில் இருந்தவர். அவருடைய பாடல்கள் 1867 இல் அச்சில் வந்தபோது அவை அருட்பா அல்ல, மயக்கத்தில் பிறந்த மருட்பா என்று ஆறுமுக நாவலர் தரப்பு எதிர்த்தது. கண்டனத்துக்குக் கண்டனம் என்று பிரசுரங்கள் பறந்தன, வழக்கு நீதிமன்றம் வரை போனது, இருவரும் மறைந்த பிறகும் சண்டை ஓயவில்லை. இரண்டு பக்கமும் கரை கண்ட தமிழறிஞர்கள். அவர்களாலேயே பேசித் தீர்க்க முடியாததை நானும் என் பக்கத்து வீட்டுச் சகோதரியும் ராத்திரி பதினோரு மணிக்குக் கட்டைவிரலால் தீர்த்துவிட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நீங்கள் சொன்னது தவறு என்று தெரிந்தால், தவறு செய்த அதே குழுவில் திருத்தம் போடுங்கள். தனியாக மன்னிப்புக் கேட்டால் பொய் மட்டும் குழுவில் தங்கிவிடும். பழைய எழுத்துருவா, எந்தக் கம்ப்யூட்டரிலும் ஃபோனிலும் படிக்க வரும் பொதுக் குறியீடான யூனிகோடா என்று அண்ணன் மகனோடு மோதினேன். “அத்தை, உங்க ஃபான்ட்டுல அடிச்சது என் ஃபோன்ல குப்பையாத் தெரியுது” என்றான். யூனிகோடில் தமிழ்ப் புத்தகமே போட முடியாது என்று நான் அடித்துச் சொன்னேன். நான் வேலை செய்த பேஜ்மேக்கர் என்ற பழைய மென்பொருளில் அது உடையும் என்பது நிஜம். அதை வைத்து உலகத்தையே முடிவு செய்துவிட்டேன். அவன் இன்டிசைன் என்ற மென்பொருளில் ஒரு பக்கம் போட்டுக் காட்டினான், ஒரு கொம்பு கூடப் பிசகவில்லை. தமிழக அரசு 2010 இலேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டதையும் சொன்னான். அன்று இரவே எழுதினேன்: “யூனிகோடில் புத்தகம் போட முடியாது என்று சொன்னேன். அது தவறு. போட முடியும்.” அவ்வளவுதான். பின்னால் ‘ஆனால்’ சேர்க்கவில்லை. சேர்க்க ஆசையாகத்தான் இருந்தது. 1978 இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்து, தும்பிக்கை போட்ட பழைய ணை, லை, னை எல்லாம் அச்செழுத்துப் பெட்டியான கேஸிலிருந்து போனபோது அப்பாவும் இப்படித்தான் முறுக்கிக்கொண்டு இருந்து, பிறகு இறங்கி வந்தாராம்.

மற்றவை சின்ன விஷயங்கள். ராத்திரி பத்துக்கு மேல் பதில் எழுதாதீர்கள், எழுதினாலும் அனுப்பாமல் வைத்திருந்து காலையில் படியுங்கள். வீட்டுப் பெண்களை இழுத்துப் பேசுகிறவரோடும், சாதியைச் சொல்லித் திட்டுகிறவரோடும் வாதம் கிடையாது. அட்மினிடம் சொல்லுங்கள், அவர் கேட்காவிட்டால் வெளியே வந்துவிடுங்கள். இணையத்தில் புண்படுத்தும்படி எழுதுவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது, அதனால் என்ன வேண்டுமானாலும் எழுதலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். மதம், சாதி பேரில் பகையைத் தூண்டினால் இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 196 ஆவது பிரிவு இருக்கிறது. எதிரில் பேசுகிறவருக்காக மட்டும் எழுதாதீர்கள். 180 பேர் இருக்கிற எங்கள் தெருக் குழுவில் வாதம் செய்வது ஆறு பேர், மீதிப் பேர் பேசாமல் படித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு தெளிவான வரியாவது கிடைக்க வேண்டும்.

வாதம் முடிந்த மறுநாள் காலையில் அவரைத் தெருவில் பார்த்தால் நீங்களே முதலில் பேசுங்கள். குழுவில் நடந்ததை எடுக்க வேண்டாம். “தண்ணி லாரி வந்துச்சா?” என்று கேளுங்கள். அவர் குடம் நிரம்பிக் கிடந்தால் ஒரு கை பிடித்து இறக்கிக் கொடுங்கள்.