இண்டெம்னிட்டி பாரம் எழுதும் முன்பு திடலைப் பாருங்கள்

பொங்கல் விளையாட்டு விழா, வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதி கிரிக்கெட் போட்டி, சமூக மன்றச் சிலம்ப வகுப்பு, உபின் தீவுச் சைக்கிள் பயணம் என எதை நடத்தினாலும் ஏற்பாட்டுக் குழுவில் ஒருவர் கேட்பார்: "இண்டெம்னிட்டி பாரத்துல எல்லாரும் சைன் பண்ணிட்டாங்களா?" அடிபட்டால் ஏற்பாட்டாளர் பொறுப்பல்ல என்று பங்கேற்பவர்களிடம் கையெழுத்து வாங்கும் படிவம் அது. பண்ணிவிட்டார்கள் என்றதும் குழு நிம்மதியாகிவிடும். அந்த நிம்மதிக்குப் பெரிய அடிப்படை கிடையாது.

சிங்கப்பூரில் செல்லுபடியாகும் 1977ஆம் ஆண்டின் நியாயமற்ற ஒப்பந்த விதிகள் சட்டம், பிரிவு 2, வணிகமாக நடத்தப்படும் எதற்கும் இதைத் தெளிவாகச் சொல்கிறது: கவனக்குறைவால் ஒருவர் காயமடைந்தாலோ உயிரிழந்தாலோ, அந்தப் பொறுப்பை எந்த ஒப்பந்தத்தாலும் அறிவிப்பாலும் கைகழுவ முடியாது. "என்ன நடந்தாலும் ஏற்பாட்டாளர் பொறுப்பல்ல" என்று எவ்வளவு பெரிய எழுத்தில் அச்சடித்தாலும், கம்பம் சரியாக ஊன்றாததால் ஒருவர் தலையில் விழுந்தால் அந்த வரி செல்லாது. பொருள் சேதத்துக்குப் பொறுப்பைக் குறைக்கலாம், ஆனால் அந்த விதி நியாயமானதாக இருக்கவேண்டும். அதே பிரிவில் இன்னொன்றும் உண்டு. ஒருவர் படிவத்துக்கு ஒப்புக்கொண்டார் என்பதாலேயே ஆபத்தைத் தாமாக ஏற்றுக்கொண்டதாக எடுத்துக்கொள்ள முடியாது.

"நாங்கள் தொண்டூழியர்கள், வணிகம் இல்லையே" என்று சொல்வதுண்டு. நண்பர்கள் கூடி ஆடும் ஆட்டத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாமல் போகலாம். பங்கேற்புக் கட்டணம், விளம்பரதாரர், சம்பளப் பயிற்றுநர் என்று சேரச் சேர அந்த வாதம் மெலியும். அதை நம்பித் திட்டமிடாதீர்கள்.

அப்படியானால் படிவம் எதற்கு? ஆட்டத்திலேயே கலந்திருக்கும் ஆபத்து என்ன என்பதைக் கலந்துகொள்பவருக்கு உண்மையாகச் சொல்வதற்கு. சொன்னோம், கேட்டார், புரிந்துகொண்டார் என்பதற்குச் சான்றாக இருப்பதற்கு. விதியை மீறி நடந்தவர் தம் காயத்தில் தம் பங்கையும் ஏற்க வேண்டிவரும்போது, விதி அவருக்குத் தெரியும் என்று காட்டுவதற்கு. இவ்வளவுக்குத்தான் பயன்படும், ஆனால் இது சிறிய பயனல்ல. இதைச் செய்யவேண்டுமானால், முதலில் ஆபத்து என்னவென்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதனால் வேலை மேசையில் அல்ல, திடலில் தொடங்குகிறது.

நிகழ்ச்சிக்கு இரண்டு மூன்று வாரம் முன்பு, நிகழ்ச்சி நடக்கும் அதே நேரத்தில் இடத்தைச் சுற்றி நடந்து பாருங்கள். காலையில் காய்ந்து கிடக்கும் தளம் மாலை மழைக்குப் பிறகு வழுக்கும். விளக்கு எந்த மூலைக்கு எட்டவில்லை என்பது இரவில்தான் தெரியும். கண்ணில் பட்ட ஒவ்வோர் ஆபத்தையும் ஒரு தாளில் எழுதி, இரண்டு எண் கொடுங்கள்: நடந்தால் எவ்வளவு மோசம், நடக்க எவ்வளவு வாய்ப்பு, இரண்டுக்கும் 1 முதல் 5 வரை. இரண்டையும் பெருக்குங்கள். இங்குள்ள வேலையிடங்களில் பழக்கமான அதே அட்டவணைதான்: 3 வரை குறைவு, 4 முதல் 12 வரை நடுத்தரம், 15 முதல் 25 வரை அதிகம். அதிகம் என்று வந்ததைக் குறைக்காமல் அந்த விளையாட்டை நடத்தக்கூடாது. எண்ணைவிட, அதற்குப் பக்கத்தில் எழுதும் "யார், எப்போது, என்ன செய்வார்" என்பதுதான் முக்கியம். பெயரில்லாத வேலை நடக்காது.

கயிறு இழுப்பதை எடுத்துக்கொள்வோம். ஏறக்குறைய எல்லாக் குடும்ப விழாவிலும் இருக்கும், ஏறக்குறைய யாரும் ஆபத்தாக நினைப்பதில்லை. 1997இல் தைப்பேயில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இழுத்த கயிறு அறுந்து, இரண்டு ஆண்களின் கைகள் துண்டாயின. நைலான் கயிறு இழுபடும்போது ரப்பர் போல நீண்டு விசையைச் சேமிக்கும். அறுந்தால் அத்தனையும் ஒரே நொடியில் திரும்பி வரும். பக்கத்துக்கு பத்துப் பேர், ஒருவர் சராசரி 70 கிலோ விசை கொடுத்தால், கயிற்றில் 700 கிலோ இழுப்பு. (இரு பக்கத்தையும் கூட்டி 1,400 என்று போடுவது தவறு, ஒரு பக்கம் மற்றதைத் தாங்கிப் பிடிக்கிறது, அவ்வளவே.) வெடுக்கென்று இழுக்கும்போது இது இன்னும் ஏறும். ஆகவே கயிற்றின் சீட்டில் பாதுகாப்பான பளு எவ்வளவு என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். சீட்டில்லாத கயிற்றை, கடையில் கிடைத்த கொடிக் கயிற்றை, லாரியில் சரக்குக் கட்டும் கயிற்றைப் பயன்படுத்தாதீர்கள். அனைத்துலகப் போட்டியில் பக்கத்துக்கு எட்டுப் பேர்தான். கயிற்றின் சுற்றளவு 10 முதல் 12.5 செண்டிமீட்டர், நீளம் குறைந்தது 33.5 மீட்டர். உள்ளங்கை நிறையும் தடிமன் அது. மெல்லிய கயிறு கையில் நிற்காது, அதனால்தான் மக்கள் மணிக்கட்டில் சுற்றுகிறார்கள். கையைப் பறிப்பது அந்தச் சுற்றுதான். நடுவர் விசில் ஊதும் முன் ஒவ்வொருவர் கையையும் பார்க்கவேண்டும்: சுற்று இல்லை, முடிச்சு இல்லை, கண்ணி இல்லை, மோதிரம் இல்லை. வேடிக்கை பார்ப்பவர்கள் கயிற்றின் நேர்க்கோட்டில் நிற்கக்கூடாது. "இன்னும் கொஞ்சம் பேர் வாங்க" என்று மைக்கில் அழைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கயிற்றின் கணக்கை உடைப்பது அந்த அழைப்புதான்.

கபடியில் கவனம் தரையில் இருக்கவேண்டும். ஆண்கள் ஆடுகளம் 13க்கு 10 மீட்டர். சமூக மன்றத்தின் பல்நோக்குத் திடலில் பாயை அந்த அளவுக்கு மட்டும் விரித்தால், கோட்டுக்கு வெளியே தள்ளப்படுபவர் நேராகக் காங்கிரீட்டில் விழுவார். கோட்டைத் தாண்டியும் நாலாபுறமும் பாய் வேண்டும். பாய்த் துண்டுகள் சேரும் இடத்தில் கட்டைவிரல் நுழையும் இடைவெளி இருந்தால், கணுக்கால் பிசகும் இடம் அதுதான். ஒவ்வோர் ஆட்டத்துக்கு நடுவிலும் காலால் நெருக்கிச் சரிசெய்ய ஒருவரை நிறுத்துங்கள். நகவெட்டி ஒன்று நடுவர் மேசையில் இருக்கட்டும். காப்பு, சங்கிலி, அரைஞாண் கயிறு எல்லாம் ஆட்டத்துக்கு முன் கழற்றப்பட வேண்டும். நகர்த்தக்கூடிய கால்பந்துக் கோல் கம்பங்களுக்கு மணல் மூட்டை பின்கம்பியில் அழுந்தவேண்டும்; பிள்ளைகள் மேல்கம்பியில் தொங்கும்போது முன்பக்கமாகச் சாயும், பின்பக்கமாக அல்ல.

வானிலைக்கு முடிவை முன்கூட்டியே எடுத்து எழுதிவைத்துவிடுங்கள், ஏனென்றால் அரையிறுதி நடக்கும்போது யாருக்கும் நிறுத்த மனம் வராது. இங்கே ஆண்டில் ஏறத்தாழ பாதி நாட்களில் இடி இடிக்கிறது. மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குள் இருந்தால் ஆட்டத்தை நிறுத்துங்கள்; மின்னல் ஏறக்குறைய 10 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது. கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்தே மறுபடி தொடங்கலாம். கூடாரம் ஒதுங்கும் இடமல்ல, அதன் கம்பங்கள் இரும்பு. கட்டடம் அல்லது மூடிய வாகனம் வேண்டும். எல்லாரையும் அங்கே கொண்டுபோக எத்தனை நிமிடம் ஆகும் என்று முன்பே நடந்து பார்த்துவிடுங்கள்.

வெப்பத்துக்கு, தேசிய சுற்றுப்புற வாரியத்தின் மைஎன்வி (myENV) செயலியில் வெப்ப அழுத்த நிலை பாருங்கள். அது வெறும் வெப்பநிலை அல்ல. ஈரப்பதம், வெயில், காற்று எல்லாம் சேர்ந்த டபிள்யூபிஜிடி அளவு. 31 டிகிரிக்குக் கீழ் குறைவு, 31 முதல் 33க்குள் நடுத்தரம், 33 முதல் அதிகம். அதிகம் காட்டினால் ஆட்ட நேரத்தைக் குறைத்து, இடைவேளையைக் கூட்டி, நிழலும் குளிர்ந்த நீரும் வையுங்கள். ஓட்டப் போட்டியை மாலைக்குத் தள்ளுங்கள். புகைமூட்ட நாளில் 24 மணிநேர காற்றுத் தரக் குறியீடு 100ஐத் தாண்டினால் ஆரோக்கியமற்ற நிலை. நிறுத்தும் அதிகாரம் ஒரே ஒருவருக்கு, அதுவும் எந்த அணியையும் சேராதவருக்கு. அவர் பெயரும் கைபேசி எண்ணும் எல்லா அணித்தலைவரிடமும் இருக்கவேண்டும்.

இப்போது படிவம். உங்கள் ஆபத்து மதிப்பீட்டில் இருப்பதுதான் படிவத்திலும் இருக்கவேண்டும். எங்கிருந்தோ எடுத்த ஸ்கை டைவிங் படிவத்தில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அதைப் படித்தால் கபடியில் என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. கபடிக்கு இப்படி எழுதலாம்:

"பிடிக்கும்போதும் விழும்போதும் விரல் பிசகலாம், முழங்கால் தசைநார் கிழியலாம், தோள்மூட்டு இறங்கலாம், தலையில் அடிபடலாம். மிக அரிதாகக் கழுத்தில் அடிபட்டு உடல் செயலிழக்கவோ உயிர் போகவோ கூடும். ஏற்பாட்டாளர்கள் தரையைச் சோதித்து, நடுவரையும் முதலுதவியாளரையும் வைத்து இந்த ஆபத்தைக் குறைத்திருக்கிறார்கள்; முழுதாக நீக்க முடியாது. நடுவர் சொல்வதைக் கேட்பேன், தலைசுற்றல் வந்தால் உடனே வெளியேறுவேன். என் விருப்பத்தோடு கலந்துகொள்கிறேன். ஏற்பாட்டாளர்களின் கவனக்குறைவால் ஏற்படும் காயம் அல்லது மரணம் தொடர்பான என் சட்ட உரிமையை இப்படிவம் குறைக்கவில்லை."

கடைசி வரியைப் பார்த்துச் செயற்குழு தயங்கும். அந்த உரிமையைச் சட்டம் எப்படியும் காக்கிறது, எழுதுவதால் நீங்கள் எதையும் இழக்கவில்லை. அது இல்லாவிட்டால்தான், அடிபட்டவர் "நான்தான் சைன் பண்ணிட்டேனே" என்று உரிமை இருந்தும் வாய்மூடிப் போய்விடுவார். நம் ஆட்களை அப்படி ஏமாற விடக்கூடாது. கைபேசி, பை, நகைக்குத் தனிப் பத்தி போடுங்கள். அங்கே பொறுப்பைக் குறைக்க நினைத்தால் "எங்கள் கவனக்குறைவால் ஆனாலும்" என்று வெளிப்படையாக எழுதவேண்டும். மழுப்பலான வரி எழுதியவருக்கு எதிராகவே பொருள் கொள்ளப்படும்.

படிவம் கட்டணம் வாங்கும் முன் கைக்குப் போகவேண்டும். பணம் கட்டியாகிவிட்டது, காலை ஏழு மணி, பதிவு மேசையில் நீண்ட வரிசை, ஒரே பேனா, "சீக்கிரம் சைன் பண்ணுங்க" என்று அவசரம். அந்தக் கையெழுத்துக்கு மதிப்பு மிகக் குறைவு, ஏனென்றால் பணம் கட்டியபோதே ஒப்பந்தம் உருவாகிவிட்டது. இணையப் பதிவில் கட்டணப் பக்கத்துக்கு முன்னால் வையுங்கள். மின்னணுக் கையொப்பம் 2010ஆம் ஆண்டின் மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டப்படி ஏற்கத்தக்கது. ஒப்புதல் பெட்டியில் முன்கூட்டியே சரிக்குறி போட்டுவைக்காதீர்கள்.

மொழி இன்னொரு பெரிய இடம். தங்குவிடுதியிலிருந்து வரும் ஊழியரிடம் ஆங்கிலத்தில் மூன்று பக்கம் கொடுத்துவிட்டு, அவர் புரிந்துகொண்டார் என்று சொல்ல முடியாது. தமிழ், பங்ளா, ஆங்கிலம் என்று ஆடுபவர்களின் மொழியில், ஒரே பக்கத்தில், 12 புள்ளிக்குக் குறையாத எழுத்தில் கொடுங்கள். படிக்க இயலாதவருக்கு வாசித்துச் சொன்னவர் தம் பெயரையும் எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

18 வயதுக்குக் கீழே பெற்றோர் அல்லது காப்பாளர் கையெழுத்து வேண்டும். அது அனுமதி, அவசர சிகிச்சைக்கு ஒப்புதல், உடல்நிலை பற்றிய தகவல். பிள்ளையின் உரிமையை விட்டுக்கொடுக்கும் சீட்டு அல்ல. மாமா, அக்கா, பயிற்றுநர் கையெழுத்து போதாது.

உடல்நிலைக்கு, உடற்பயிற்சிக்கு முன் கேட்கும் ஏழு கேள்விகள் கொண்ட பார்-கியூ (PAR-Q) வினாத்தாள் போதும்: இதயக் கோளாறு, நெஞ்சுவலி, மயக்கம் போன்றவை. ஒன்றுக்கேனும் "ஆம்" என்றால் மருத்துவரைப் பார்த்துவிட்டு வரவேண்டும். பலர் ஆட்டம் போய்விடும் என்று "இல்லை" எனக் குறிப்பார்கள். அதனால் "ஆம்" என்றவருக்கும் நடுவர், புள்ளி குறிப்பவர் என்று ஒரு பங்கு இருக்கிறது என்று அணித்தலைவர் முன்பே சொல்லட்டும். இந்தத் தாள்களைப் பார்ப்பவர் முதலுதவியாளர் மட்டுமே. அடையாள அட்டை எண், ஒர்க் பெர்மிட் எண் வேண்டாம்: சட்டப்படியோ ஆளை உறுதிப்படுத்தவோ மிகவும் தேவைப்பட்டால் ஒழிய, 2019 செப்டம்பர் 1 முதல் அவற்றைச் சேகரிக்கக்கூடாது. பந்து, சைக்கிள் வாடகைக்கு அட்டையைப் பிடித்து வைப்பதும் தவறு. பெயர், கைபேசி எண், அவசரத் தொடர்பு போதும்.

காப்புறுதியில் இரண்டு வகை உண்டு, இரண்டும் வேண்டும். பொதுப் பொறுப்புக் காப்புறுதி உங்கள் தவறுக்கு உங்களைக் காக்கும். குழு விபத்துக் காப்புறுதி யார் தவறு என்று பாராமல் அடிபட்டவருக்குத் தரும். பத்திரத்தை வாங்கியதும் விலக்குகள் பக்கத்தைத் திறந்து மூன்றைத் தேடுங்கள்: உடல் மோதும் விளையாட்டு விலக்கப்பட்டிருக்கிறதா? ஒரு பங்கேற்பாளர் இன்னொருவரைக் காயப்படுத்தினால் சேருமா? தொண்டூழியர்கள் சேர்ந்திருக்கிறார்களா? கபடியை "குடும்ப விளையாட்டு" என்று எழுதிக் குறைந்த கட்டணத்தில் வாங்கினால், தேவைப்படும் நாளில் ஒன்றும் கிடைக்காது. ஒர்க் பெர்மிட் ஊழியருக்கு முதலாளி எடுக்கவேண்டிய மருத்துவக் காப்புறுதி ஆண்டுக்கு 60,000 வெள்ளிக்குக் குறையாது, ஆனால் மருத்துவமனையில் சேர்வதற்கும் பகல்நேர அறுவை சிகிச்சைக்கும்தான். அதன் பிறகு வரும் பிசியோதெரபி சிகிச்சைக்கு அந்தக் காப்புறுதியிலிருந்து எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

நிகழ்ச்சியன்று காலை ஏஇடி கருவி, அதாவது நின்ற இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி, எங்கே இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பேட்டையில் இரண்டு புளோக்குக்கு ஒன்று, மின்தூக்கிக் கூடத்தில் இருக்கும். இதயம் நின்றவருக்கு ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது. ஆகவே ஓடிப்போய் எடுத்துவர மூன்று நிமிடத்துக்கு மேல் ஆனால் ஒன்றை வாடகைக்கு எடுங்கள். 995 அழைப்பவர் ஒருவர், வாயிலில் நின்று ஆம்புலன்ஸை வழிகாட்டுபவர் ஒருவர், சாவியோடு தடுப்புக் கம்பத்தைத் திறப்பவர் ஒருவர். தடுப்புக் கம்பச் சாவி யாரிடம் என்று தெரியாமல் நிமிடங்கள் போவதுதான் அடிக்கடி நடக்கிறது.

அடிபட்டால், கண்டதை மட்டும் எழுதுங்கள்: நேரம், இடம், தரையின் நிலை, யார் என்ன பார்த்தார், என்ன முதலுதவி. "அவர் கவனமாக ஆடவில்லை", "எங்கள் தப்புதான்" போன்ற முடிவுகள் வேண்டாம், வாட்ஸ்அப் குழுவிலும் வேண்டாம். அறுந்த கயிறு, உடைந்த கம்பு, பிரிந்த பாய் எதையும் வீசாமல் சீட்டு ஒட்டிப் பூட்டிவையுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கு அன்றே தெரிவியுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போய் அவரைப் பார்ப்பதையும் வீட்டாரிடம் பேசுவதையும் எந்தக் காப்புறுதியும் தடுக்கவில்லை, கட்டாயம் போங்கள்.

காயத்துக்கான வழக்குக்கு 3 ஆண்டு, ஒப்பந்த வழக்குக்கு 6 ஆண்டு காலக்கெடு. காயம் பதிவான நிகழ்ச்சியின் படிவம், மதிப்பீடு, படங்கள் எல்லாவற்றையும் 6 ஆண்டுக்கு மேலும், அடிபட்டது பிள்ளையானால் அவருக்கு 24 வயது ஆகும்வரையும் வைத்திருங்கள். ஒன்றும் ஆகாதவர்களின் உடல்நிலைத் தாள்களை நிகழ்ச்சி முடிந்த மாதத்திலேயே கிழித்து அழித்துவிடலாம்.