பெர்லின் சுவர் வாக்கிங் டூர்: புதுசா கைடு ஆகறவங்க பண்ற தவறுகள்

போன வாரம் சுவர் ஓடின பெர்னாவர் தெருவுல ஒரு புது பையன் டூர் நடத்தறத பின்னாடி நின்னு பாத்துட்டு இருந்தேன். முதல் வருஷம் நான் என்ன தப்பெல்லாம் பண்ணினேனோ அதையே அதே இடத்துல நின்னு பண்ணிட்டு இருந்தான். அதான் எழுதறேன். லேட்டா வர்றது, மெதுவா பேசறது இதெல்லாம் ரெண்டு டூர்ல தானா சரியாயிடும், அத விட்டுடறேன்.

மேப் போடாம கதைய ஆரம்பிக்கறது

எனக்கு இன்னும் எரிச்சல் வர்ற தப்பு இதுதான்.

ரிட்டயர் ஆன டீச்சர்ஸ் குரூப் ஒண்ணு, பதினாலு பேர். பெர்னாவர் தெருவுல ஆரம்பிச்சு, ஜன்னல் வழியா குதிச்சவங்க கதை, சுரங்கம் தோண்டினவங்க கதைன்னு ரெண்டு மணி நேரம் சொல்லிட்டு, கிழக்குக்கும் மேற்குக்கும் நடுவுல சோதனைச் சாவடி இருந்த செக்பாயின்ட் சார்லி வந்து நிக்கறோம். அங்க ஒரு அம்மா நிதானமா கேட்டாங்க, "ஏம்பா, மேப்ல பாத்தா சுவர் மேற்கு பெர்லினத்தானே சுத்தி நிக்குது, அப்போ மேற்குல அடைஞ்சு கெடந்தவங்கதானே கிழக்குக்கு தப்பிச்சு ஓடிருக்கணும்?" சுத்தி பாத்தா பாதி பேர் அதே சந்தேகத்தோட தலையாட்டறாங்க. ரெண்டு மணி நேரம் நான் சொன்ன ஒவ்வொரு கதையும் அவங்க மனசுல தலைகீழா ஓடிருக்கு. அவங்க கேட்டது சரியான கேள்வி, தப்பு முழுக்க என்னுது. அந்த குரூப் இன்னும் ரெண்டு நாளைக்கு புக் பண்ணி வச்சிருந்தாங்க, ரெண்டையும் கேன்சல் பண்ணிட்டாங்க.

முதல்ல மனசுல ஏத்த வேண்டியது என்னன்னா, பெர்லின் ரெண்டு ஜெர்மனிக்கும் நடு எல்லையில இருந்த ஊர் இல்ல. ஊர் மொத்தமும் கிழக்கு ஜெர்மனிக்கு உள்ள இருந்துச்சு, அதுல மேற்கு பெர்லின் மட்டும் ஒரு தீவு மாதிரி. 1952-லயே ரெண்டு நாட்டுக்கும் நடுவுல இருந்த எல்லைய மூடிட்டாங்க, ஆனா பெர்லினுக்குள்ள மட்டும் இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் ரயில் ஏறி போயிடலாம். எல்லா மடையையும் அடைச்ச ஏரியில ஒரே ஒரு மடை திறந்திருந்தா தண்ணி எங்க போகும்? 1949-ல இருந்து 1961 வரைக்கும் 25 லட்சத்துக்கும் மேல ஜனங்க கிழக்க விட்டு போனாங்க, கடைசி வருஷங்கள்ல முக்காவாசி பேர் இந்த வழியாத்தான். அந்த மடைய 1961 ஆகஸ்ட் 13 விடியறதுக்குள்ள கிழக்கு ஜெர்மனி அரசாங்கம் அடைச்சுது, அந்த அடைப்புதான் சுவர் ஆச்சு. அதனாலதான் சுவர் சுத்தி நிக்கறது மேற்க, ஆனா அடைபட்டது கிழக்கு ஜனங்க. மொத்தம் 155 கிலோமீட்டர், அதுல ஊருக்கு நடுவுல ரெண்டா பிரிச்சது 43 கிலோமீட்டர்தான், மிச்சம் மேற்கு பெர்லினுக்கும் வெளிய இருந்த கிழக்கு ஜெர்மனி கிராமங்களுக்கும் நடுவுல.

இதோட இன்னொரு சிக்கல், கைய நீட்டி "அது கிழக்கு"ன்னு சொல்றது. பெர்னாவர் தெருவுல மேற்கு பெர்லின் வடக்கு பக்கம், கிழக்கு பெர்லின் தெற்கு பக்கம். செக்பாயின்ட் சார்லில அப்படியே மாறிடும், அங்க கிழக்கு பெர்லின் வடக்க இருக்கு. ஏன்னா மிட்டேங்கற நடு ஏரியா கிழக்கோட சேந்தது, அது மேற்குக்குள்ள முட்டிக்கிட்டு நிக்கும். இத புரிய வைக்க சுலபமான வழி யூ8 சுரங்க ரயில்: சுவர் இருந்த காலத்துல அது வடக்க மேற்கு பெர்லின்ல கிளம்பி, கிழக்கு பெர்லினுக்கு அடியில எங்கயும் நிக்காம ஓடி, தெற்க மறுபடி மேற்கு பெர்லின்ல வந்து நின்னுச்சு. அப்படி நிக்காம போன ஸ்டேஷன்கள பேய் ஸ்டேஷன்னு சொல்வாங்க, பெர்னாவர் தெரு ஸ்டேஷனும் அப்ப அதுல ஒண்ணு.

இவ்வளவும் தெரிஞ்சாத்தான் ஜன்னல் கதை விளங்கும். தெருவோட தெற்கு வரிசை வீடுங்க கிழக்கு, வீட்டு வாசல்ல இருக்கற நடைபாதை மேற்கு. வாசல் கதவ அடைச்சதும் ஜனங்க ஜன்னல்ல இருந்து குதிச்சாங்க. 48-ம் நம்பர் வீட்டு ஈடா சீக்மான் 1961 ஆகஸ்ட் 22 அன்னைக்கு மெத்தை தலகாணிய கீழ போட்டுட்டு குதிச்சு இறந்தாங்க. மறுநாள் அவங்களுக்கு 59-வது பிறந்தநாள். எல்லை எங்கன்னு சொல்லாம இத சொன்னா, யாரோ ஒருத்தங்க மாடியில இருந்து விழுந்துட்டாங்கன்னு கேட்டுட்டு போயிடுவாங்க.

நான் இப்ப ஒரு கயிறு எடுத்துட்டு போறேன். தரையில வளையமா போட்டு பாதி பேர உள்ள, பாதி பேர வெளிய நிக்க வச்சு "நீங்க எங்க போகணும், யாரு தடுக்கறா"ன்னு கேப்பேன். மூணு நிமிஷம்தான் ஆகும். இத பண்ணாம ஒரு கதையும் ஆரம்பிக்காதீங்க.

சாவ நடிச்சு காட்டறது

பண்ணாதீங்க. சிம்மர் தெருவுல பீட்டர் ஃபெக்டருக்கு ஒரு நினைவுத் தூண் இருக்கு. 18 வயசு கொத்தனார், 1962 ஆகஸ்ட் 17 அன்னைக்கு மேற்குக்கு தப்பிச்சு போகும்போது சுடப்பட்டு சுவருக்கு அடியில ஏறக்குறைய ஒரு மணி நேரம் ரத்தம் போய் கெடந்தான், ரெண்டு பக்கத்துல இருந்தும் யாரும் போய் தூக்கல. ஒரு கைடு அங்க நின்னு துப்பாக்கி சத்தம் போட்டு காட்டினத நான் பாத்திருக்கேன், குரூப்ல இருந்த ஒரு பெரியவர் மூஞ்ச திருப்பிக்கிட்டு நடந்துட்டார். பேரு, வயசு, தேதி சொல்லிட்டு கொஞ்சம் சும்மா நில்லுங்க. எத்தனை பேர் செத்தாங்கன்னு கேட்டா, சுவர்ல குறைஞ்சது 140 பேர்னு சொல்லுங்க, பெருசாக்காதீங்க.

செக்பாயின்ட் சார்லி கூண்டு

இப்ப அங்க நிக்கற காவல் கூண்டு நகல். ஒரிஜினல் டாலெம்ல நேசநாடுகள் மியூசியத்துல இருக்கு. போட்டோ எடுத்துக்கட்டும், அஞ்சு நிமிஷம் போதும்.

ஈஸ்ட் சைட் கேலரி

மிச்சம் இருக்கற சுவர்ல படங்கள் வரைஞ்ச இடம் இது, அத சுவர் இருந்த காலத்துல வரைஞ்சதுன்னு சொல்லாதீங்க. அது கிழக்கு பக்கம் பாத்த சுவர், அப்ப கிட்ட போகவே முடியாது. படங்கள் வரைஞ்சது 1990-ல.

"நவம்பர் 9 சுவர இடிச்சாங்க"

1989 நவம்பர் 9 ராத்திரி எல்லை கேட்டத்தான் திறந்தாங்க, முதல்ல போர்ன்ஹோல்மர் தெருவுல. ஜனங்க சுத்தியல் எடுத்து கொத்தினது உண்மைதான், ஆனா அரசாங்கமே முறையா இடிக்க ஆரம்பிச்சது 1990 ஜூன்ல, அதுவும் பெர்னாவர் தெருவுல.

கிழக்குல வளந்தவங்க குரூப்ல இருந்தா

ஆரம்பத்துலயே கேளுங்க. இருந்தா பேச விடுங்க.

குளிர்காலம்

நவம்பர் கடைசியில நாலு மணிக்கே இருட்டிடும். 11 மணிக்கு ஆரம்பிங்க.