பள்ளி மதிய உணவு: மிஞ்சிய தட்டு காட்டும் தவறுகள்

பள்ளியில் இலவச மதிய உணவு தொடங்குகிறவர்கள் அடுப்பு, பாத்திரம், பணம் என்று எல்லாவற்றையும் யோசிப்பார்கள். பிள்ளைகள் அதைச் சாப்பிடுவார்களா என்ற கேள்வி கடைசியில்தான் வரும். புரதமும் இரும்புச்சத்தும் காகிதத்தில் கச்சிதமாக இருக்கும், சாப்பாட்டில் பாதி குப்பைத் தொட்டிக்குப் போகும். அதனால் எத்தனை தட்டு பரிமாறினோம் என்று மட்டும் எழுதி வைக்காதீர்கள். எந்த நாளில் எது, எவ்வளவு மிஞ்சியது என்பதையும் எழுதுங்கள்.

மிஞ்சுகிறது என்றதும் அந்தக் காயை மெனுவிலிருந்தே தூக்கிவிடுவது அடுத்த தவறு. பழகாத சுவையை ஏற்றுக்கொள்ளச் சில பிள்ளைகளுக்கு 10 முறைக்கு மேல்கூட ஆகும். கொஞ்சமாக, பிடித்த உணவோடு சேர்த்து, திரும்பத் திரும்ப வையுங்கள். தட்டைக் காலி செய்தால்தான் விளையாட்டு என்று மிரட்டினால் வெறுப்புதான் வளரும். "காயைச் சாப்பிட்டால் இனிப்பு" என்று ஆசை காட்டுவதும் உதவாது. இனிப்புதான் உயர்ந்தது, காய் சகித்துக்கொள்ள வேண்டியது என்று நாமே சொல்லிக் கொடுத்ததாகிவிடும்.

சில நேரம் உணவில் குறையே இருக்காது, நேரம்தான் போதாது. வரிசையில் நிற்பது போக, உட்கார்ந்து சாப்பிட மட்டும் 20 நிமிடமாவது வேண்டும். சாப்பிட்டதும் விளையாட்டு என்றால் பாதியிலேயே எழுந்து ஓடுவார்கள். முடிந்தால் விளையாட்டை முன்னால் வைத்துப் பாருங்கள், பசியோடு வருவார்கள். முன்பல் விழுந்த பிள்ளையிடம் முழுப் பழத்தைக் கொடுத்துவிட்டு, பழமே பிடிக்கவில்லை என்று முடிவு கட்டுவதும் நடக்கிறது! பரிமாறும் முன் நறுக்கிக் கொடுங்கள்.

என் பார்வையில் மிகவும் வலிக்கிற தவறு, இலவசமாகச் சாப்பிடுகிறவர்களைத் தனியே அடையாளம் காட்டுவது. தனி வரிசை, வேறு நிற டோக்கன் எல்லாம் கணக்குக்கு வசதிதான். ஆனால் வளர்ந்த பிள்ளைகள் அந்த வரிசையில் நிற்பதைவிடப் பட்டினி கிடக்கலாம் என்று நினைப்பார்கள். ஃபின்லாந்து 1948 முதல் ஏழை, பணக்காரர் பார்க்காமல் எல்லா மாணவர்களுக்கும் இலவச உணவு தருகிறது. அது முடியாத இடத்திலும், யார் பணம் கட்டினார்கள் என்பது அலுவலகத்தோடு நிற்கட்டும்.

அப்புறம், பாதுகாப்பு. விடியற்காலையில் சமைத்து மூடி வைத்து மதியம் பரிமாறுவது ஆபத்து. 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை கிருமிகள் வேகமாகப் பெருகும், அதனால் சமைத்த உணவு 2 மணி நேரத்துக்கு மேல் அந்த வெப்பநிலையில் இருக்கக் கூடாது. மறுபடி கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று நம்பாதீர்கள். சில கிருமிகள் விட்டுச்செல்லும் நச்சு, கொதித்தாலும் அழியாது. சமைப்பவரும் சாப்பிடுபவரும் சோப்பு போட்டுக் கை கழுவக் குழாய்கள் போதுமா என்றும் பாருங்கள். ஒவ்வாமை உள்ள பிள்ளைகளின் பட்டியல் பீரோவுக்குள் இருந்தால் பயனில்லை. பரிமாறுபவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

6 வயதுக்கும் 15 வயதுக்கும் ஒரே கரண்டி அளவு போடுவது சிறிய விஷயமாகத் தோன்றும். சின்னவன் தட்டில் மிஞ்சும், பெரியவன் அரைப்பசியோடு எழுவான். வயதுக்கு ஏற்ற கரண்டி வாங்குங்கள், இன்னொரு முறை கேட்டால் தயங்காமல் போடுங்கள்.