எக்ஸ்10 விளக்குகளில் இரைச்சல்: பாளையங்கோட்டை வீட்டில் சரிசெய்த விதம்

பகலெல்லாம் ஒழுங்காக எரியும் மாடி விளக்கு, சாயங்காலம் ஆனால் ரிமோட்டுக்கு அசையாது. எக்ஸ்10 (வீட்டு விளக்குகளை ரிமோட்டில் இயக்கும் ஒரு முறை) சிக்னல் மின்கம்பி வழியாகவே 120 கிலோஹெர்ட்ஸில், மின்னழுத்தம் பூஜ்யத்தைக் கடக்கும்போது ஒரு மில்லி விநாடி மட்டும் போகிறது, அதனால் கொஞ்சம் இரைச்சல் (மற்ற சாதனங்கள் கம்பியில் விடும் வேண்டாத மின் அலைகள்) கலந்தாலே கட்டளை சிதைந்துவிடும். எம்சிபிகளை ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தேன். ஹால் லைனை இறக்கிவிட்டு ரிமோட்டை அமுக்கியதும் விளக்கு டக்கென்று எரிந்தது. அப்புறம் பேட்டரி ரேடியோவை மீடியம் வேவில், ஸ்டேஷன் கேட்காத இடத்தில் வைத்து பிளக் பிளக்காகக் கொண்டுபோனேன், டிவிக்குப் பின்னால் இருந்த எல்இடி பட்டையின் அடாப்டர் பக்கம் போனதும் கொர்ரென்று ஒரே சத்தம் (அதைச் சாயங்காலம்தானே போடுவோம்). அடாப்டரை மாற்றுவதைவிட இதற்கென்று வரும் ஃபில்டரை இடையில் செருகுவதே நல்லது என்பேன், அடாப்டரின் கெப்பாசிட்டர் சிக்னலை உறிஞ்சுவதையும் அது தடுத்துவிடும். செருகியதும் சரியாகிவிட்டது. உங்கள் வீட்டுக்கு மூன்று பேஸ் என்றால் ஒரு பேஸிலிருந்து மற்றதற்குச் சிக்னலைக் கடத்தும் பேஸ் கப்ளரும் வேண்டியிருக்கும்.